கார்கசோன்: பழையது மேலே, புதியது கீழே

பிரான்சில் உள்ள கார்கசோன் கோட்டையின் வடக்குப் பக்கத்தில், அகமதிலுக்கும் புறமதிலுக்கும் நடுவே இருக்கும் திறந்தவெளியில் நின்று, அகமதிலை அடியிலிருந்து உச்சிவரை பாருங்கள். எந்தக் கட்டடத்திலும் பழையது அடியில் இருக்கும், புதியது அதன்மேல் ஏறும். இங்கே தலைகீழாக இருக்கிறது. உயரத்தில் தெரியும் சிறுகல் சுவர் ரோமானியர் காலத்தது. அதைத் தோளில் தாங்கி நிற்கும் கீழ்ப்பகுதி 13ஆம் நூற்றாண்டில் கட்டியது. சில இடங்களில் மேலே உள்ள பழைய சுவரும் கோபுரமும் லேசாகச் சாய்ந்தும் இருக்கின்றன.

இது ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொண்டால் இந்த ஊரின் வரலாற்றில் பாதி தெரிந்துவிடும். ஆனால் இங்கே வருகிறவர்களில் பலர் கிழக்கே உள்ள நார்போன் வாசலில் நுழைந்து, கடைத்தெருவில் நடந்து, வெள்ளை பீன்ஸ் விதையும் வாத்து இறைச்சியும் சேர்த்து வேகவைத்த கசூலேயைச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். "எல்லாம் 19ஆம் நூற்றாண்டில் புதிதாகக் கட்டியதுதானே" என்று ஒரு பேச்சும் கூடவே பரவுகிறது. அந்தப் பேச்சு தவறு. 19ஆம் நூற்றாண்டின் கை பெரும்பாலும் மதிலின் தலைப்பகுதியிலும் கூரைகளிலும்தான் இருக்கிறது. உடம்பு பழையது. எது யாருடைய கை என்று கல்லே சொல்லும், பார்க்கப் பழகிக்கொண்டால் போதும்.

முதலில் இடம். தெற்குப் பிரான்சில், வடக்கே கருமலைத் தொடருக்கும் தெற்கே பிரனீஸ் மலைகளுக்கும் நடுவே ஒரு தாழ்வான பாதை போகிறது. மத்தியதரைக் கடலோரத்து நார்போனிலிருந்து துலூஸ் வழியாக அட்லாண்டிக் பக்கம் போக அதுவே இயல்பான வழி. அந்த வழியில் ஓட் ஆறு திரும்பும் இடத்தில், வலக்கரைக் குன்றின்மேல் கோட்டை நிற்கிறது. குன்றைக் கையில் வைத்திருப்பவர் வழியையும் வைத்திருப்பார். இதை ரோமானியர் கண்டுகொண்டார்கள். அவர்களுக்குப் பின் விசிகோத்துகள், 725இல் முஸ்லிம் படைகள், 759ஐ ஒட்டிப் ஃபிராங்குகள் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. மதில் மட்டும் அதே மதில்.

அந்த முதல் மதில் ரோமப் பேரரசின் பிற்காலத்தில், 3ஆம், 4ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தது. அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. உள்ளங்கை அகலச் சிறு கற்கள் ஒரே அளவில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். நடுநடுவே சிவப்புச் செங்கல் பட்டைகள் ஓடும். அந்தச் செங்கல் அழகுக்காக வைத்ததில்லை. சுவரின் இரண்டு முகங்களுக்கும் நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொட்டி நிரப்புவது ரோமானியர் முறை. சிறு கற்களை ஏற்றிக்கொண்டே போனால் மட்டம் தவறும், முகக்கல்லும் உள்நிரப்பும் பிரிந்து நிற்கும். சில வரிசைக்கு ஒருமுறை தட்டைச் செங்கல் வைத்தால் மட்டம் சரியாகும், பிடிப்பும் கிடைக்கும். கோபுரங்களின் வடிவம் இரண்டாவது அடையாளம். வெளிப்புறம் வளைந்து, ஊர்ப்பக்கம் தட்டையாக, குதிரை லாடம் போல இருக்கும். அடிப்பகுதி முழுக்கக் கல் நிரப்பிய திண்டு. மேல்தளத்தில் செங்கல் வளைவு வைத்த அகலமான சன்னல்கள். எறிபடைகளுக்கு அந்த அகலம் வேண்டியிருந்தது. பிற்காலத்து ஒடுங்கிய அம்புத் துளைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

நார்போன் வாசலருகே ஒரு பெண்ணின் மார்பளவுச் சிலை இருக்கும். அவள் பெயர் கார்காஸ். பேரரசன் சார்லமேன் ஊரை முற்றுகையிட்டபோது, பஞ்சத்தில் எஞ்சியிருந்த ஒரே பன்றிக்குக் கடைசிக் கோதுமையை ஊட்டி மதிலுக்கு வெளியே எறிந்தாளாம். பன்றிக்கே கோதுமை போடுகிறார்களென்றால் உள்ளே தானியம் மலைபோல் இருக்கும் என்று நம்பிப் படை திரும்பியதாம், அவள் மணியடித்ததால் ஊருக்கு இந்தப் பெயர் வந்ததாம் (பிரெஞ்சில் 'கார்காஸ் சோன்' என்றால் 'கார்காஸ் மணியடிக்கிறாள்'). ஊர்ப்பெயர் ரோமானியர் காலத்திலேயே கார்காசோ என்று இருக்கிறது, ஆகவே கதை பிறகு முளைத்ததுதான். வாசலில் இருப்பது நகல். தேய்ந்து முகம் கரைந்த மூலச் சிலை உள்ளே, பிரபுவின் அரண்மனையில் இருக்கிறது. இந்த வட்டாரத்து மணற்கல் காற்றிலும் மழையிலும் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதற்கு அந்த முகமே சாட்சி.

11ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கார்கசோன் த்ரன்கவெல் குடும்பத்தின் கையில் இருந்தது. மேற்கு மதிலை ஒட்டி இருக்கும் அரண்மனையை 12ஆம் நூற்றாண்டில் தொடங்கியவர்கள் அவர்களே. அவர்களுடைய நிலங்களில், திருச்சபை ஏற்காத கத்தார் என்ற கிறித்தவப் பிரிவினருக்கு இடம் கிடைத்தது. அதைக் காரணமாகக் காட்டி போப் அறிவித்த சிலுவைப்போர்ப் படை 1209 ஜூலை 22இல் பெசியே நகரில் நுழைந்து மக்களைக் கொன்று குவித்தது. அடுத்த மாதத் தொடக்கத்தில் கார்கசோன் முன் வந்து நின்றது.

அந்த முற்றுகையில் மதில் தோற்கவில்லை. தண்ணீர் தோற்றது. ஆகஸ்ட் வெயில், சுற்றுப்புற ஊர்களிலிருந்து ஓடிவந்த மக்கள் உள்ளே நெருக்கிக்கொண்டிருந்தார்கள், ஆற்றுக்குப் போகும் வழியைப் படை மறித்துவிட்டது. கோட்டைக்குள் இன்று 22 கிணறுகளைக் கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் குன்றின் உச்சியில் பாறையைக் குடைந்து இறக்கிய கிணறு கோடையில் எவ்வளவு ஊறிவிடும்? பெரிய கிணறு என்று அழைக்கப்படுவது ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம். அதன் விளிம்பில் நின்று பார்த்தால், ஒரு வாளி நீர் இறைப்பதற்கு எத்தனை நேரம் ஆகும் என்பது புரியும். நோயும் பரவியது. 24 வயது பிரபு ரேமோன்-ரோழே த்ரன்கவெல் பேச்சுவார்த்தைக்குப் போய்ச் சிறைப்பட்டார். ஆகஸ்ட் 15இல் ஊர் சரணடைந்தது. மக்கள் உடுத்த உள்ளாடையோடு வெளியேறினார்கள். பிரபு அதே ஆண்டு நவம்பரில் சிறையில் இறந்தார். ஊர் சிலுவைப்போர்ப் படைத் தலைவரான சிமோன் தெ மோன்ஃபோர் கைக்குப் போய், 1226இல் பிரெஞ்சு அரசரிடம் வந்து சேர்ந்தது.

இன்று நாம் காணும் கோட்டையின் உருவத்தைத் தீர்மானித்தது 1209 முற்றுகை என்றே பலரும் எழுதுகிறார்கள். என் கணிப்பில், அதைத் தீர்மானித்தது 1240. இறந்த பிரபுவின் மகன் அந்த ஆண்டு செப்டம்பர் 17இல் தன் ஊரை மீட்கப் படையோடு வந்தார். உள்ளே அரசரின் அதிகாரி கியோம் தெ ஸோர்ம். முற்றுகை முடிந்ததும் அவர் அரசரின் தாயார் ப்ளான்ஷுக்கு எழுதிய அறிக்கைக் கடிதம் இன்றும் இருக்கிறது. இடைக்கால முற்றுகை ஒன்றைப் பற்றிப் பொறுப்பிலிருந்தவரே எழுதிய அரிய பதிவு அது. அதில் நிறைந்திருப்பது வாள்வீச்சு இல்லை, சுரங்கம்.

சுரங்கம் வைக்கும் முறை இது. மதிலிலிருந்து சற்றுத் தள்ளி, அம்பு எட்டாத மறைவில் குழி இறக்கி, மதிலின் கடைக்கால் வரை குடைந்துகொண்டு போவார்கள். கடைக்காலுக்கு அடியில் மண்ணை எடுக்க எடுக்க, மரத்தூண்களால் முட்டுக் கொடுப்பார்கள். போதுமான நீளம் எடுத்ததும் அந்தக் குகைக்குள் சுள்ளியும் கொழுப்பும் அடைத்துத் தீ வைப்பார்கள். தூண்கள் எரிந்ததும் மேலே உள்ள சுவர் தன் கனத்திலேயே உட்கார்ந்துவிடும். வெடிமருந்து தேவையே இல்லை. தடுக்க ஒரு வழிதான்: தோண்டும் சத்தத்தைக் கேட்டு, உள்ளிருந்து எதிர்ச்சுரங்கம் தோண்டிப்போய் அவர்களை விரட்டுவது. அது பிந்திவிட்டால், விழப்போகும் சுவருக்குப் பின்னால் அவசரமாக இன்னொரு தடுப்பு எழுப்புவது. தெ ஸோர்மின் ஆட்கள் இரண்டையும் செய்தார்கள். வாசல்முன் அரணில் ஒரு பகுதி தீயில் சரிந்தபோது, அதற்குப் பின்னால் அவர்கள் சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவரும் மர வேலியும் தயாராக இருந்தன. அரசரின் படை நெருங்குவது தெரிந்ததும் அக்டோபர் 11இல் முற்றுகை கலைந்தது.

முற்றுகையிட்டவர்களால் இத்தனை சுரங்கங்களை எங்கிருந்து தொடங்க முடிந்தது? மதிலை ஒட்டியே இருந்த புறநகர் வீடுகளுக்குள்ளிருந்து. கூரைக்குக் கீழே தோண்டினால் மதில்மேல் நிற்பவன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்தப் புறநகர் மக்களில் பலர் தங்கள் பழைய பிரபுவின் பக்கம்.

அரசர் ஒன்பதாம் லூயி இதற்குக் கொடுத்த பதிலைத்தான் நாம் இன்று சுற்றிவருகிறோம். புறநகர்கள் இடித்துத் தரைமட்டமாயின. அங்கிருந்தவர்கள் நாடு கடத்தப்பட்டு, சில ஆண்டுகள் கழித்தே, அதுவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியேற அனுமதி பெற்றார்கள். பழைய மதிலுக்கு வெளியே உள்ள இரண்டாவது மதிலும் அவர் காலத்ததே. இரண்டுக்கும் நடுவே ஓடும் வெளிக்கு லீஸ் என்று பெயர். புறமதில் அகமதிலைவிடத் தாழ்வானது. அகமதில்மேல் நிற்கும் வில்லாளி, புறமதில் வில்லாளியின் தலைக்கு மேலாக அம்பு விடலாம், இரண்டு அடுக்குத் தாக்குதல். புறமதில் கோபுரங்கள் பெரும்பாலானவற்றுக்குப் பின்சுவரே கிடையாது. கட்டாமல் மறந்துபோனதாக நினைக்க வேண்டாம். பகைவன் கோபுரத்தைப் பிடித்துவிட்டால், உள்மதிலிலிருந்து வரும் அம்புக்கு மறைந்துகொள்ள அவனுக்கு இடம் இருக்கக்கூடாது. விதிவிலக்கு தென்கிழக்கில் உள்ள வாட் கோபுரம். கிணறு, அடுப்பு, கணப்பு, கழிப்பிடம் எல்லாம் வைத்து, முற்றுகையில் தனித்து விடப்பட்டாலும் தாக்குப்பிடிக்கும்படி கட்டியது.

இப்போது தொடக்கத்தில் பார்த்த தலைகீழ்ச் சுவருக்கு வரலாம். இரண்டு மதில்களுக்கு நடுவே ஆட்கள் ஓடவும், குதிரை திரும்பவும், மறைவு ஏதும் இல்லாமலிருக்கவும் லீஸ் மட்டமாக வேண்டியிருந்தது. குன்றோ சரிவு. மேட்டை வெட்டி மட்டம் செய்தார்கள். வெட்டிய மண், ரோமானியச் சுவரின் கடைக்காலைப் புதைத்து வைத்திருந்த மண். கடைக்கால் வெளியே வந்துவிட்டது, சுவர் அந்தரத்தில் தொங்கும் நிலை. ஆகவே பகுதி பகுதியாக அடியில் குடைந்து, அங்கே புதுக் கல் வைத்துக் கட்டி, மேலே இருக்கும் சுவரைத் தாங்கவைத்தார்கள். ஒரே மூச்சில் நீளமாகக் குடைந்தால் பகைவன் சுரங்கம் வைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இராது. அங்கங்கே தெரியும் சாய்வு அந்த வேலையின் தழும்பு. சிறுகல்லும் செங்கல் பட்டையும் முடிந்து, பெரிய செதுக்குக் கல் தொடங்கும் கோடுதான் ஏறத்தாழ ரோமானியரின் பழைய தரைமட்டம். அந்தக் கோடு ஒருமுறை பிடிபட்டுவிட்டால் கண் பிறகு அதை விடாது.

அடுத்த கை மூன்றாம் ஃபிலிப் அரசருடையது (1270–1285), அவருக்குப் பின் வந்தவர் தொடர்ந்தது. தெற்கிலும் மேற்கிலும் அகமதில் புதிதாக எழுந்தது, கிழக்கில் நார்போன் வாசலும் அதன் பக்கத்து த்ரெசோ கோபுரமும் எழுந்தன. இந்தக் காலத்துக் கல்லைக் கையால் தடவியே கண்டுபிடிக்கலாம்: ஓரங்களை மட்டும் நேராகச் செதுக்கி, நடுமுகத்தை முரட்டுப் புடைப்பாக விட்டிருப்பார்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒவ்வொரு புடைப்பும் தனித்தனி நிழல் போடும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். கல்லைப் படிக்க வருகிறவர் நடுப்பகலைத் தவிர்ப்பது நல்லது.

நார்போன் வாசலின் இரட்டைக் கோபுரங்களை வெளியே நின்று பார்த்தால், வட்டமாக வந்த சுவர் முன்பக்கம் கப்பலின் மூக்குபோல் கூராக நீண்டிருக்கும். வட்டக் கோபுரத்தின் குறையே அதன் முன்முனைதான். எறிகல் நேராக வந்து மோதும் இடம் அது. பக்கவாட்டு மதிலிலிருந்து விடும் அம்பு சரியாக எட்டாத மூலையும் அதுதான், கடப்பாரையோடு வருகிறவன் அங்கே ஒட்டி நின்று அடியைப் பெயர்க்கலாம். அந்த மூலையைக் கல்லாலேயே அடைத்துக் கூராக்கிவிட்டால், மோதும் கல் வழுக்கி விலகும், ஒட்டி நிற்பவன் அம்பின் பார்வைக்குள் வருவான். வாசலுக்குள் நடக்கும்போது அண்ணாந்து பாருங்கள். மேலிருந்து இறங்கும் கம்பிக் கதவுகளுக்கான பள்ளங்கள் இரண்டு இடங்களில் தெரியும், நடுவே கூரையில் துளைகள் இருக்கும். முதல் கதவைத் தாண்டியவன் இரண்டாவதன் முன் மாட்டிக்கொள்வான், மேலிருந்து கல் விழும்.

தென்மேற்கில் ஆயர் கோபுரம் என்ற சதுரக் கோபுரம் இரண்டு மதில்களையும் பாலம்போல் இணைத்து லீஸின் குறுக்கே நிற்கிறது. அடியில் உள்ள வழியை அடைத்துவிட்டால், லீஸில் புகுந்த பகைவன் கோட்டையைச் சுற்றிவர முடியாது. என் பார்வையில் இந்தக் கோட்டையின் மிகத் தேர்ந்த கட்டுமானம் இதுதான். கூட்டம் வாசலிலேயே நின்றுவிடுவதால் இங்கே பெரும்பாலும் நிம்மதியாக நின்று பார்க்கலாம்.

அரண்மனையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கோட்டைக்குள்ளே இருக்கும் அந்த அரண்மனைக்கு, ஊரைப் பார்த்த பக்கத்தில் அகழியும், முன்னரணும், இரட்டைக் கோபுர வாசலும் இருக்கின்றன. இவை த்ரன்கவெல் காலத்தவை இல்லை, அரசரின் அதிகாரிகள் வந்தபின் கட்டியவை. வெளியே இருந்து வரும் பகைவனுக்கு ஏற்கெனவே மதில் இருக்கிறது. இந்த அகழி ஊர்மக்களுக்கு எதிராக வெட்டியது. புதிதாகப் பிடித்த நாட்டில் ஆளுகிறவன் யாரைக் கண்டு பயந்தான் என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் கட்டடம் குறைவு. அதே சுவரின் உச்சியில் மரப் பரண் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் மாதிரிக்குக் கட்டிக் காட்டியது. மதில் முழுக்க, மேல்விளிம்புக்குக் கீழே வரிசையாகச் சதுரத் துளைகள் தெரிகின்றனவே, அவை போர்க்காலத்தில் அந்தப் பரணுக்கான உத்தரங்களைச் செருக வைத்தவை. பரணின் தரைப்பலகை இடுக்கு வழியாக மதிலின் அடியை நேர்க்கீழே தாக்கலாம்.

இத்தனை செய்தபின் யாரும் இதைத் தாக்கிப் பிடிக்கவில்லை. 1355இல் இங்கிலாந்தின் கறுப்பு இளவரசர் வந்தபோது, ஆற்றுக்கு அப்பால் நேர்நேர்த் தெருக்களோடு உருவாகியிருந்த பஸ்தீத் சன் லூயி என்ற கீழூரைக் கொளுத்திவிட்டு, மேலே இருந்த கோட்டையைத் தொடாமல் போனார். கோட்டையை வீழ்த்தியது ஓர் ஒப்பந்தம். 1659இல் பிரனீஸ் உடன்படிக்கை ஸ்பெயின் எல்லையைத் தெற்கே மலைமுகட்டுக்குத் தள்ளியதும் எல்லைக் காவல் என்ற வேலை இல்லாமல் போயிற்று. கம்பளித் துணி வியாபாரத்தில் கீழூர் செழித்தது, மேலே ஏழை நெசவாளர்கள் மிஞ்சினார்கள். லீஸ் முழுக்க மதிலில் சாய்த்துக் கட்டிய வீடுகள், நூற்றுக்கும் மேல். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோட்டைக்குள் இருக்கும் சன் நசேர் ஆலயத்தின் பேராலயத் தகுதியும் கீழூர் ஆலயத்துக்குப் போனது. ஆற்றுப்பக்கத்துப் பெரிய முன்னரண் 1816இல் கல்லுக்காக இடிபட்டது. அந்த இடத்தில் இன்று சன் ழிமேர் ஆலயம் நிற்கிறது.

1850இல் ராணுவம் கோட்டையைக் கைகழுவியது. மதில் கல்விலைக்குப் போகவிருந்தது. அதைத் தடுத்தவர்களில் முதல்வர் இந்த ஊர்க்காரரான வழக்கறிஞரும் வரலாற்று ஆய்வாளருமான ழான்-பியேர் குரோ-மேய்ரவியேய். நினைவுச்சின்னங்களின் தலைமை ஆய்வாளர் ப்ரோஸ்பேர் மெரிமேயும் துணைநின்றார். ஏற்கெனவே சன் நசேர் ஆலயத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த கட்டடக் கலைஞர் வியொலே-லெ-தூக்கிடம் 1853 முதல் மதில் வேலையும் வந்தது. 1879இல் இறக்கும்வரை செய்தார், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். லீஸ் வீடுகள் அகற்றப்பட்டன, மதிலின் தலையில் ஞாயில்கள் (வில்லாளி மறைந்து நிற்கும் பல்வரிசைச் சுவர்) மறுபடி வைக்கப்பட்டன, கோபுரங்களுக்குக் கூரை வந்தது.

அந்தக் கூரையில்தான் சண்டை. தெற்குப் பிரான்சின் வழக்கம் தாழ்சாய்வுச் செம்மண் ஓடு. அவர் வைத்தது வடக்கத்திய முறையில் செங்குத்தான கருஞ்சாம்பல் சிலேட்டுக் கூம்பு. வடக்கிலிருந்து வந்த அரசரின் கட்டடக்காரர்கள் தங்கள் முறையில்தான் கட்டியிருப்பார்கள் என்பது அவர் வாதம். அரசர் காலத்துக் கோபுரங்களுக்கு அந்த வாதம் ஓரளவு நிற்கும். ரோமானியக் கோபுரங்களுக்கு நிற்காது. 20ஆம் நூற்றாண்டில் அவற்றில் பலவற்றுக்கு ஓட்டுக் கூரை மாற்றினார்கள். அதனால் இன்று தூரத்திலிருந்தே, ஓடு தெரிந்தால் ரோமானியக் கோபுரமாக இருக்கக்கூடும், சிலேட்டு என்றால் அரசர் காலத்தது என்று தோராயமாகப் பிரித்துவிடலாம். அவருடைய தெளிவான தவறு வேறிடத்தில் இருக்கிறது. சன் நசேர் ஆலயத்தின் மேற்குச் சுவர் ஒருகாலத்தில் அரணாக இருந்தது என்று நம்பி, அதன் தலையில் ஞாயில் வரிசை வைத்துவிட்டார். அதற்கு ஆதாரம் இல்லை. இந்த இரண்டையும் வைத்து அவரை முழுக்கத் தள்ளுவது நியாயமாகாது. அவர் கை வைக்காதிருந்தால் இன்று விவாதிக்க மதிலே இருந்திருக்காது.

அந்த ஆலயத்துக்குள் போக மறக்காதீர்கள். 1096இல் போப் இரண்டாம் உர்பன் இதன் கற்களை ஆசீர்வதித்தார். நடுக்கூடம் பழைய ரோமனெஸ்க் முறையில் கனத்து இருண்டிருக்கும். பத்தடி முன்னே போனால் கோதிக் கருவறைப் பகுதி, சுவரே இல்லாததுபோல் 13, 14ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிகள். பிரெஞ்சு அரசர்கள் தெற்கைப் பிடித்தபின் வந்த பாணி மாற்றம் ஒரே கூரைக்குள் தெரிகிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தெருக்களும், வாசல்களும், லீஸும், ஆலயமும் கட்டணமில்லாதவை. அரண்மனைக்கும் மதில்மேல் நடைக்கும் மட்டும் சீட்டு. சீட்டு வாங்குமுன் லீஸைச் சுற்றிவிடுங்கள், கீழிருந்து கல்லைப் பார்த்துவிட்டு மேலே ஏறினால்தான் மேலே தெரிவது விளங்கும். புறமதிலைத் தாண்டி, நார்போன் வாசலுக்குள் நுழையுமுன் வலப்பக்கம் திரும்பினால் வடக்கு லீஸ், ரோமானியச் சுவர்கள் அங்கே. இடப்பக்கம் போனால் தெற்கு லீஸ், புடைப்புக் கற்கள் அங்கே. சுற்று முழுவதும் நின்று பார்க்க இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். தரை கரடுமுரடு, மழை பெய்தால் வழுக்கும். வடமேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் மதில்மேல் நடையை மூடிவிடக்கூடும், அப்படி ஒரு நாளில் போக நேர்ந்தால் மதில்மேல் நடையை நம்பி வரிசையில் நிற்பதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள். காரில் வந்தால் வாசலுக்கு வெளியேதான் நிறுத்த வேண்டும். ரயிலில் வந்தால் நிலையத்தின் எதிரிலேயே கனால் து மிதி கால்வாய். 17ஆம் நூற்றாண்டில் அது வெட்டப்பட்டபோது தன் பங்குப் பணத்தைத் தர ஊர் மறுத்ததால் கால்வாய் விலகிப்போய், 1810இல்தான் இங்கே வந்து சேர்ந்தது. அங்கிருந்து கீழூரின் நேர்த்தெருக்களில் நடந்து பழைய பாலத்துக்கு வந்துவிடலாம்.

வாசலுக்கு நேராக வண்டியில் போய் இறங்குவதைவிட இந்தப் பாலத்தின் வழியாகப் போவதே சரி. 1240க்குப் பின் விரட்டப்பட்டவர்கள் குடியேறிய கரையிலிருந்து, அவர்களை விரட்டிய மதிலை நோக்கி ஏறும் வழி இது. சன் ழிமேர் ஆலயத்தைக் கடந்ததும் பாதை ஓட் வாசலை நோக்கி வளைந்து வளைந்து ஏறும். ஒவ்வொரு திருப்பத்திலும் தலைக்கு மேல் எந்தச் சுவர் உங்களைப் பார்க்கிறது என்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டே ஏறுங்கள்.